சிறு சோடியும் முன்னிருக்கையும்

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என்ற எண்களோடு அடுத்தடுத்து நிற்கின்றன. ஒரு செயலில் இறங்குமுன் தன் வலிமையையும், காலத்தையும், நிற்கும் இடத்தையும் அரசன் எண்ணிப் பார்க்க வேண்டுமென்பது அவற்றின் சாரம். அதே பொருட்பாலில் 94ஆவது அதிகாரம் சூது என்பதாகும். அதிலே வள்ளுவர் சூதாட்டத்தை ஈவிரக்கமின்றிக் கடிந்துரைக்கிறார். இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இந்த மூன்று அதிகாரங்களுக்கும் அந்த ஓர் அதிகாரத்துக்கும் நடுவே கிடப்பது. ஆதலின், சீட்டாட்டத்தைப் பற்றிக் குடும்பப் பகுதியில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் நேயர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம்.

வடமராட்சியிலிருந்து வாசக சகோதரி ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய மகன் இங்கிலாந்திலே தொழில் பார்க்கிறார். வார இறுதியிற் போக்கர்ச் சுற்றுப்போட்டிகளுக்குப் போகும் பழக்கம் அவரைப் பற்றிக்கொண்டது. தாயார் கண்டித்தபோது, “அம்மா, இது சூதன்று, வெறுங் கணக்கு” என்று மகன் விடையிறுத்தாராம். அண்மையில் நடந்த ஒரு போட்டியில் இரண்டு நான்குகளை வைத்துக்கொண்டு முழுவதையும் தோற்றுவிட்டு, “கணக்குச் சரி, அதிட்டந்தான் பிழைத்தது” என்றும் எழுதினாராம். ஆட்டத்தின் விபரத்தை மகன் கடிதத்தில் உள்ளவாறே சகோதரி நமக்கு எடுத்து எழுதி, “அவன் சொல்வது மெய்தானா?” என்று கேட்கிறார்.

கேள்வி நேர்மையானது. விடையும் அவ்வாறே இருக்கவேண்டும். கணக்கு என்று மகன் கூறியபடியால் நாமும் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

முதலில் ஆட்டத்தின் அமைப்பைச் சுருங்கச் சொல்வோம். ரெக்சாஸ் ஹோல்டெம் எனப்படும் இவ்வகைப் போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் கவிழ்த்துக் கொடுக்கப்படும். பின்னர் மேசை நடுவே எல்லார்க்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் மலர்த்தப்படும்: முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியில் ஒன்று. முதல் மூன்றையும் பிளொப் என்பர். கையிலுள்ள இரண்டும் பொதுவிலுள்ள ஐந்துமாகிய ஏழிலிருந்து சிறந்த ஐந்தை யார் அமைக்கிறாரோ அவருக்கே நடுப்பணம் சேரும். ஒவ்வொரு கட்டத்திலும் காசு வைக்கலாம், பிறர் வைத்ததை ஈடுசெய்யலாம், உயர்த்தலாம், அல்லது சீட்டை மடக்கி விலகலாம்.

பங்கிடுபவரின் இடத்தைக் குறிக்கப் பட்டன் என்ற வில்லையொன்று மேசையைச் சுற்றி நகர்ந்துகொண்டிருக்கும். பட்டனுக்கு அடுத்த இருவரும் சீட்டைப் பார்க்கு முன்பே கட்டாயக் காசு வைக்கவேண்டும். அதனாலேயே அவற்றைச் சிறு பிளைன்ட், பெரு பிளைன்ட் என்பர். பிளொப் விழுந்தபின் இந்த இருவருமே முதலிற் பேசவேண்டியவர்கள். பட்டனில் இருப்பவர் கடைசியாகப் பேசுவார். யாழ்ப்பாணத்து விறாந்தைகளில் 304 ஆடிப் பழகியவர்களுக்கு இதன் அருமையை நாம் விளக்கவேண்டியதில்லை. முதலிற் கேட்க வேண்டியவன் இருட்டிலே கேட்கிறான்; கடைசியிற் கேட்பவன் மற்றவர்கள் வாயாலேயே பாதி விடயத்தை அறிந்துகொண்டு கேட்கிறான். போக்கரிலோ இந்த வேற்றுமை ஒருமுறையோடு முடிவதில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் முன்னவர் முன்னவரே, பின்னவர் பின்னவரே.

இனிச் சிறு சோடிக்கு வருவோம். 52 சீட்டுகளிலிருந்து இரண்டு சீட்டுகள் வரத்தக்க வகைகள் 1,326. அவற்றுட் சோடிகள் 78. ஆகவே பதினேழு தடவைக்கு ஒருமுறை ஏதோவொரு சோடி கைக்கு வரும். இரண்டு முதல் ஆறு வரையுள்ள சிறு சோடிகள் ஏறக்குறைய 44 தடவைக்கு ஒருமுறையே வரும். நெடுநேரம் உதவாத சீட்டுகளையே மடக்கி மடக்கிச் சலித்திருப்பவர் திடீரென இரண்டு நான்குகளைக் காணும்போது, கிடைத்ததை விட மனம் வராது. சிறு சோடியின் முதல் ஆபத்து அதன் பலவீனமன்று. அது வந்தவுடன் மனத்தில் எழும் மகிழ்ச்சியே ஆகும்.

அச்சோடியின் உண்மையான வலிமை என்ன? பிளொப்பில் அதே இலக்கச் சீட்டு இன்னொன்றேனும் விழுந்து மும்மையாவது 100க்கு 11.75 தடவை. அதாவது எட்டரைக்கு ஒன்று. மும்மை அமைந்துவிட்டால் அது மிகப் பலமான கை. எதிராளிகள் கண்ணுக்கு எளிதிற் புலப்படாத கையுங்கூட. எஞ்சிய ஏழரைத் தடவை என்ன நேரும்? ஐந்துச் சோடி வைத்திருப்பவருக்கு 100 பிளொப்புகளில் 98இல் ஐந்தினும் பெரிய சீட்டு ஒன்றாயினும் வந்து விழும். அதைவிடச் சிறிய சோடிக்கு நிலைமை இன்னும் மோசம். பெரிய சீட்டு விழுந்தபின், “எதிராளியிடம் அதே சீட்டு உண்டோ?” என்ற ஐயம் எழும். அந்த ஐயத்தோடு முதலிற் பேசவேண்டியவரும் தாமேயானால் அவர் படும்பாடு சொல்லுந்தரமன்று.

அன்றியும், ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் ஒருவர் இரண்டுச் சோடி வைத்திருக்கும்போது, மற்ற எண்மரில் ஒருவரிடமாவது பெரிய சோடி இருத்தல் 100க்கு ஏறக்குறைய 38 தடவை. சோடி என்று கண்டவுடன் தலைநிமிர்வோர் இவ்விலக்கத்தையும் நினைவில் வைத்தல் நன்று.

அப்படியாயின் சிறு சோடியை எப்போதும் எறிந்துவிட வேண்டுமா? இல்லை. எட்டரைக்கு ஒருமுறை கிடைக்கும் மும்மையால் வரும் ஆதாயம், எஞ்சிய ஏழரைத் தடவையின் இழப்பை ஈடுசெய்யுமாயின் சோடியை ஆடலாம். ஆகவே பழகிய ஆட்டக்காரர்கள் ஒரு விதி வைத்திருக்கின்றனர். ஈடுசெய்ய வேண்டிய தொகையைப்போற் குறைந்தது பதினைந்து முதல் இருபது மடங்கு சில்லுகள் தம்மிடமும் எதிராளியிடமும் இருக்கவேண்டும் என்பதே அது. முன்னிருக்கையில் இருப்பவருக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டும். ஏனெனில், மும்மை கிடைத்தபோதும் முன்னிருக்கைக்காரர் முழு ஆதாயத்தைப் பெறுவது கடினம். முதலில் அவரே காசு வைத்தால் எதிராளி அஞ்சி விலகக்கூடும். பேசாதிருந்தால் எதிராளியும் பேசாதிருந்து, இலவசமாக அடுத்த சீட்டைக் கண்டுவிடுவார். பின்னிருக்கைக்காரருக்கு இவ்விடர் இல்லை. முன்னவர் செய்ததைக் கண்டபின் தாம் செய்வதைத் தெரிந்துகொள்வார்.

நிற்க. சகோதரியின் மகன் ஆடிய ஆட்டத்தை இந்தக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். பிளைன்டுகள் 500, 1,000. இவற்றோடு மேசைக் காசாக இன்னுமோர் 1,000. மகனிடமும் எதிராளியிடமும் ஆளுக்கு 20,000 சில்லுகள். நடு இருக்கையில் இருந்த எதிராளி 2,500 ஆக உயர்த்தினார். மற்றவர்கள் மடக்கினர். மகன் சிறு பிளைன்டில், இரண்டு நான்குகளுடன் இருந்தார். முன்பே வைத்த 500 போக இன்னும் 2,000 வைத்து ஈடுசெய்தார். பெரு பிளைன்ட் மடக்கிவிட்டார்.

மகன் ஈடுசெய்யு முன் நடுவில் இருந்தது 5,000. ஏழரைத் தடவை 2,000 இழந்தால் மொத்த இழப்பு 15,000. இதனை மும்மை கிடைக்கும் ஒரேயொரு தடவையில் மீட்கவேண்டும். நடுவிலுள்ள 5,000 போக, எதிராளியிடமிருந்து இன்னும் 10,000 சராசரியாகப் பெறவேண்டும். எதிராளியிடம் எஞ்சியிருந்ததோ 17,500. அதில் பாதிக்கு மேல், மும்மை அமையும் ஒவ்வொரு தடவையும் கிடைத்தாக வேண்டும். எதிராளிக்கு ஒன்றும் அமையாத வேளையில் அவர் ஏன் 10,000 கொடுக்கப் போகிறார்? மேலும் மகன் ஈடுசெய்த தொகையைப்போல் அவர் சில்லுகள் பத்து மடங்குகூட இருக்கவில்லை. பதினைந்து மடங்குக்கு எங்கே போவது? பெரு பிளைன்ட்காரர் இன்னும் பேசாதிருந்தார்; அவர் மேலும் உயர்த்தியிருந்தால் மகன் பிளொப்பைப் பார்க்காமலே 2,000ஐ விட்டுப் போயிருப்பார்.

இதே நான்குச் சோடி பெரு பிளைன்டில் இருந்திருந்தால் கணக்கு வேறு. அங்கே சேர்க்க வேண்டியது 1,500 மட்டுமே. பின்னாற் பேச எவருமில்லை. ஏழரைத் தடவை இழப்பு 11,250. நடுவிலுள்ள 5,000 போக வேண்டியது 6,250. இதுவும் எளிதன்று; ஆயினும் நினைத்துப் பார்க்கத்தக்கது. ஓர் இருக்கை தள்ளியதில் எவ்வளவு வேற்றுமை என்பதை நேயர்கள் காண்க. சீட்டு அதே சீட்டு, இடம் வேறு.

பிளொப்பில் ராணி, எட்டு, மூன்று விழுந்தன. மகனே முதலிற் பேசவேண்டியவர். பேசாதிருந்தால் பலவீனம் வெளிப்படும் என்று எண்ணி 4,000 வைத்தார். எதிராளி தம்மிடமிருந்த அனைத்தையும் நடுவிலே தள்ளினார். மகனிடம் எஞ்சியது 13,500. “இவ்வளவு வைத்துவிட்டேன், இனி விடுவதா” என்று அதையும் தள்ளினார். எதிராளியின் கையில் ராணியும் ஜாக்கும் இருந்தன. எஞ்சிய இரண்டு சீட்டுகளில் நான்கு ஒன்று வந்து மகனைக் காப்பாற்றுவது 100க்கு ஏறக்குறைய 9 தடவை. வரவில்லை. ஆட்டம் முடிந்தது.

எதிராளியிடம் ராணி உண்டென்பது மகனுக்கு முன்பே தெரியாதுதான். ஆயினும் முதலில் உயர்த்தி, பின்பு ஒருவர் காசு வைத்ததைக் கண்டும் அனைத்தையும் தள்ளுகிற ஒருவரிடம் நான்கினும் சிறிய கை இருக்குமென்று எதிர்பார்க்க இடமில்லை. வைத்த 6,500 மகனுடையதன்று, அது நடுப்பணமாகிவிட்டது. அதனைக் காக்கவென்று 13,500ஐ அனுப்பியதே பெரிய பிழை. மகன் அதிட்டத்தை நோவது முறையன்று. பிழை, சீட்டு விழுமுன்பே, சிறு பிளைன்டில் ஈடுசெய்த அந்தக் கணத்திலே தொடங்கிவிட்டது. அங்கே அவருக்கு இருந்த நல்ல வழி மடக்குதலே. எதிராளி கண்டபடி உயர்த்துகிறவரென்று அறிந்திருந்தால், பிளொப்பைப் பாராமல் அப்பொழுதே அனைத்தையும் தள்ளி அவரை விலகச் செய்ய முயன்றிருக்கலாம். நடுவழியான ஈடுசெய்தலே மூன்றிலும் இழிந்தது.

தள்ளுவதற்கும் ஈடுசெய்வதற்கும் உள்ள இந்த வேற்றுமை சுற்றுப்போட்டியிற் பெரிதும் முக்கியமானது. சுற்றுப்போட்டியில் பிளைன்டுகள் நேரத்துக்கு நேரம் ஏறிக்கொண்டே போகும். லாஸ் வேகாசில் நடைபெறும் உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் அண்மை ஆண்டுகளில் ஒவ்வொருவரும் 60,000 சில்லுகளுடன் தொடங்குகின்றனர். முதற் கட்டத்தில் பெரு பிளைன்ட் 200. ஆகவே கையிருப்பு 300 மடங்கு. அக்கட்டத்தில் முன்னிருக்கையிலும் சிறு சோடியோடு குறைந்த காசுக்குப் பிளொப்பைப் பார்ப்பது குற்றமன்று. ஆனால் அதே ஆட்டக்காரரிடம் பிற்பகுதியில் 20 மடங்கோ 10 மடங்கோ எஞ்சும்போது மும்மையை எதிர்பார்த்துக் காத்திருக்கும் காலம் கடந்துவிடுகிறது. அப்போது சிறு சோடிக்கு இரண்டே வழி: முன்னிருக்கையில் மடக்குதல், பின்னிருக்கையில், முன்னால் எவரும் இறங்காதிருந்தால் அனைத்தையும் தள்ளுதல். தள்ளுபவருக்கு வெற்றி இரு வழியால் வரும்: மற்றவர்கள் விலகலாம், விலகாவிடில் சீட்டு உதவலாம். ஈடுசெய்பவருக்கு ஒரே வழி, சீட்டு உதவுதல் மட்டுமே. தள்ளியபின் எதிராளி ஆசும் ராசாவும் போன்ற இரு பெரிய சீட்டுகளுடன் வந்தால் சிறு சோடிக்குப் பாதிக்குச் சற்று மேலான வாய்ப்புண்டு. பெரிய சோடியுடன் வந்தாலோ ஐந்துக்கு ஒன்றுதான்.

இன்னுமொன்று. சுற்றுப்போட்டியில் இரட்டிப்பான சில்லுகள் இரட்டிப்பான பணமாவதில்லை. முதலிடம் பெறுபவர் எல்லாச் சில்லுகளையும் சேர்த்தாலும் பரிசுப் பணம் முழுவதையும் பெறுவதில்லை. அது பலர்க்கும் பகிரப்படுகிறது. ஆனால் சில்லுகள் அனைத்தையும் இழந்தவர் போட்டியை விட்டே எழுந்து போகவேண்டும். ஆதலாற் பெறுவதன் மதிப்பினும் இழப்பதன் மதிப்புப் பெரிது. பரிசு தொடங்கும் இடத்துக்கு அண்மையிற் பாதிக்குப் பாதியான சூழலுக்குள் வலியப் போகாமை அறிவுடையோர் வழக்கம்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். 2009ஆம் ஆண்டின் பிரதான போட்டியை அறிந்தவர்கள் ஜோ காடாவை எடுத்துக்காட்டுவர். 6,494 பேர் பங்குபற்றிய அப்போட்டியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த காடா, 21 வயதில் வென்று, அத்தொடரின் பிரதான போட்டியை வென்றவர்களுள் மிக இளையவரானார். பரிசு 85 இலட்சம் டொலருக்கு மேல். இறுதி மேசையிலே அவருடைய சில்லுகள் மிகவும் குறைந்துபோயிருந்த வேளையும் உண்டு. அவ்விறுதி மேசையில் அவர் மூன்றுச் சோடியோடு அனைத்தையும் வைத்தார். எதிராளி ஜெவ் ஷுல்மனிடம் ஜாக்குச் சோடி இருந்தது. பிளொப்பில் மூன்று விழுந்தது. பின்னர் இரண்டுச் சோடியோடு அனைத்தையும் வைத்தார். அன்ரொயின் சவூவிடம் ராணிச் சோடி. பிளொப்பில் இரண்டு விழுந்தது. கடைசி ஆட்டத்தில் டார்வின் மூனை ஒன்பதுச் சோடியால் வென்றார்.

ஐந்துக்கு ஒன்றான வாய்ப்பு அடுத்தடுத்து இருமுறை பலிப்பது ஏறக்குறைய இருபத்தைந்துக்கு ஒருமுறை நிகழத்தக்கது. நடக்கக்கூடாததன்று, நடந்தது. ஆயினும் அதைக் கண்டு சிறு சோடியே வெல்லும் கையென்று கொள்வது, லொத்தர் விழுந்தவரைக் கண்டு லொத்தரைத் தொழிலாகக் கொள்வது போலாகும். காடா பெரிய சோடிகளைத் தேடிப் போகவில்லை. எதிராளிகள் விலகுவர் என்று தள்ளினார். அவர்கள் விலகாதபோது சீட்டு அவருக்கு உதவிற்று. அதேபோற் தள்ளி, சீட்டு உதவாமல் எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுடைய படம் எந்தப் பத்திரிகையிலும் வருவதில்லை. ஆகவே ஒரு செயல் நன்றோ தீதோ என்பதை அதன் பயனைக் கொண்டு மட்டும் அளத்தல் கூடாது. செய்தபோது தெரிந்திருந்தவற்றைக் கொண்டே அளக்கவேண்டும். இளையோர் சீட்டாட்டத்தில் மட்டுமன்றி, வியாபாரத்திலும் பரீட்சையிலும் இதே மயக்கத்துக்கு ஆளாகின்றனர்.

இனிச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். இது சூதா, கணக்கா? இரண்டுமே என்பது நமது துணிபு. ஓர் ஆட்டத்துக்குள்ளே கணக்கு உண்டு. அதனை அறிந்தவர் அறியாதவரை நெடுங்காலத்தில் வெல்வர். ஆயினும் ஒரு நாளில், ஒரு மாதத்தில், சீட்டு யாரையும் மதிப்பதில்லை. நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை நடத்துபவர் எடுத்துக்கொள்கிறார்; ஆகையால் மேசையிலுள்ள எல்லாரும் சமமான திறனுடையவர்களாயின் எல்லாரும் காலப்போக்கில் இழப்பவர்களே. கணக்கென்று சொல்லிக்கொண்டு கணக்குப் பாராமல் ஆடுபவரோ இரட்டிப்பாய் இழப்பவர்.

மகன் கணக்கு என்கிறபடியால் அவரைக் கணக்கு வைக்கச் சொல்லுங்கள். ஒரு கொப்பியிலே கட்டிய கட்டணம், பெற்ற பரிசு, போக்குவரத்துச் செலவு யாவற்றையும் ஓராண்டுக்கு ஒளியாமல் எழுதட்டும். ஒவ்வொரு பெரிய ஆட்டத்தையும், எந்த இருக்கை, எத்தனை சில்லு, ஏன் ஈடுசெய்தேன் என்று எழுதட்டும். கட்டணம் வாடகையிலிருந்தோ வீட்டுக்கு அனுப்பும் காசிலிருந்தோ எடுக்கப்படுமாயின் அன்றே ஆட்டத்தை நிறுத்தவேண்டும். அதற்குக் கணக்குத் தேவையில்லை. சகோதரியும் இனித் தொலைபேசியில், “வென்றாயா?” என்று கேளாது, “எந்த இருக்கையிலிருந்து இறங்கினாய்?” என்று கேட்டுப் பார்க்கட்டும். மகன் தயங்காமல் விடை சொன்னால் அவர் சிறிதேனும் கற்றிருக்கிறார். சீட்டைக் குறை சொல்லத் தொடங்கினால், தாய் கண்டித்தது சரியே.

சிறு சோடி கையில் வந்தால் தன் வலிமை எட்டரைக்கு ஒன்று என்பதை நினைத்தல், பிளைன்ட் ஏறிய காலத்தைப் பார்த்தல், தான் முன்னிருக்கையில் இருக்கிறேனா என்று கேட்டல் ஆகிய மூன்றையும் செய்தபின், பெரும்பாலும் கை தானாகவே அச்சீட்டுகளை மடக்கிவிடும். அவ்வாறு மடக்கிய சீட்டுகளுக்கு எவரும் கைதட்டுவதில்லை. ஆயினும் அடுத்த ஆட்டத்துக்குச் சில்லு எஞ்சியிருக்கும்.

அடுத்த ஞாயிறு வேறொரு பொருளுடன் நேயர்களைச் சந்திப்போம்.